சிஸ்பிரெப்: மதர்போர்டு மாற்ற இது வேண்டுமா?

விண்டோஸை மறுபடி போடாமல் மதர்போர்டை மட்டும் மாற்ற வழி உண்டா என்று கேட்டால் உடனே வருகிற பதில், "சிஸ்பிரெப் ஓட்டு". போட்டிருக்கும் விண்டோஸை வேறு மெஷினுக்குத் தயார் செய்கிற, விண்டோஸோடு சேர்ந்தே வரும் கருவி, காசு கிடையாது. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. என் எடிட்டிங் மெஷினை இன்டெல் போர்டிலிருந்து ஏஎம்டி போர்டுக்கு மாற்றியபோது டிஸ்க்கை அப்படியே நகல் (குளோன்) எடுத்து வைத்திருந்தேன். அதனால் இதை ஓட்டியும் பார்க்க முடிந்தது, ஓட்டாமலும் பார்க்க முடிந்தது.

திறந்தால் ஒரு குட்டி விண்டோ. மேலே ஓஓபிஇ (முதல்முறை ஆன் செய்யும்போது வரும் அமைப்புத் திரை), அதன் கீழே ஜெனரலைஸ் (இந்த மெஷினுக்கே உரிய விவரங்களை நீக்குவது) என்ற கட்டத்தில் டிக், கடைசியில் ஷட்டவுன். ஓகே கொடுத்தால் பழைய போர்டைச் சார்ந்த டிரைவர் அமைப்புகளைக் கழற்றிவிட்டு மெஷின் அணைந்துவிடும். அதற்குப் பிறகு பழைய போர்டில் ஆன் செய்யாமல் நேராகப் புதியதில் மாட்ட வேண்டும். ஆன் செய்ததும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது போல நாடு, கீபோர்டு, பெயர் என்று கேட்கத் தொடங்கும். பழைய கணக்கும் ஃபைல்களும் அப்படியே இருக்கும். ஆனாலும் புதிதாக ஒரு பயனரை உருவாக்கச் சொல்லும். ஏதோ ஒரு பெயர் கொடுத்துவிட்டு அப்புறம் அழித்துவிடலாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. அதற்கு முன் படுத்துகிற பாடு இருக்கிறதே! ஒரு பயனருக்கு மட்டும் இறங்கிய ஸ்டோர் ஆப் ஒன்று இருந்தால் போதும், பாதியிலேயே நின்றுவிடும். எந்த ஆப் என்று திரையில் சொல்லாது. பாந்தர் என்ற ஃபோல்டரில் உள்ள லாக் ஃபைலைத் திறந்து, அடிப்பக்கம் போய்த் தேடி, பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் அந்த ஆப்பை நீக்க வேண்டும். திரும்ப ஓட்டினால் அடுத்த ஆப்பில் நிற்கும்.

இனி சிஸ்பிரெப் ஓட்டாத குளோன். மாட்டி ஆன் செய்தேன். டிவைஸ்களைத் தயார் செய்வதாகச் சதவீதக் கணக்கு ஓடியது, ரீஸ்டார்ட் ஆனது, என் டெஸ்க்டாப் வந்து நின்றது. விண்டோஸ் 7 காலத்தில் இப்படிச் செய்தால், டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் கிடைக்காமல் 7பி என்று முடியும் பிழைக் குறியீட்டோடு நீலத்திரை வரும். அப்போது சிஸ்பிரெப்புக்கு அர்த்தம் இருந்தது. 10, 11 இரண்டும் பெரும்பாலும் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன. விண்டோஸின் ஒரே நகலை (இமேஜ்) நூறு மெஷினுக்குப் போடும் அலுவலகத்துக்கு இது அருமையான கருவி. சொந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு? என் மதிப்பெண் 5-க்கு 2.

அந்த நேரத்தை வேறு இடத்தில் செலவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலில் நிறுத்திவையுங்கள். சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால் புதியது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். விண்டோஸுக்குள் நுழையும் பின் (PIN) நம்பரும் அதே காரணத்தால் செல்லாது என்பதால் பாஸ்வேர்ட் நினைவில் இருக்கட்டும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்து, புதிய போர்டில் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை மட்டுமே இருந்தால் பூட் ஆகாது. டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியைப் பழைய போர்டிலேயே ஓட்டிவிடுங்கள். லேன் டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள், நெட் இல்லாமல் விண்டோஸ் லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் நகராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி மீட்கலாம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது பழைய போர்டோடு போய்விடும்.

எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: லைசென்ஸை ஒரே மெஷினோடு பூட்டிக்கொள்ளும் பிளகின்கள் (எடிட்டிங் மென்பொருளின் துணைக் கருவிகள்) புதிய போர்டில் திறக்காமல் போகலாம். பழைய போர்டைக் கழற்றும் முன்பே ஒவ்வொன்றாக டீஆக்டிவேட் செய்துவிடுங்கள்.