பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா: கேலிப்பரா, ஹோஸா, புஷ்ஷா?

பிரேக்கை மிதித்ததும் வண்டி வலது பக்கம் ஓடுகிறது என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வலது முன்சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இழுக்கிற பக்கம்தானே கோளாறு என்று மெக்கானிக் சொன்னார், நானும் தலையாட்டினேன், வலது கேலிப்பரை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாற்றினோம், வண்டி முன்னைப் போலவே வலது பக்கம் இழுத்தது. பிறகு பார்த்தால் வலது சக்கரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறது, இடதுதான் பிடிக்கத் தாமதித்தது. அதிகம் பிடிக்கிற பக்கமாக வண்டி போகும், அவ்வளவுதான். அது அளவுக்கு மீறிப் பிடிக்கிறதா, எதிர்ப்பக்கம் பிடிக்காமல் விட்டதா என்பது இழுக்கிற திசையை மட்டும் வைத்துத் தெரியாது.

அதனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதோடு எப்போது இழுக்கிறது என்பதையும் கவனியுங்கள். மிதித்த அந்த நொடியிலா, மிதித்திருக்கும் நேரம் முழுவதுமா, காலை எடுத்த பிறகுமா? சந்தேகப்பட வேண்டிய கேலிப்பர், ஹோஸ், புஷ் என்ற மூன்று ஆசாமிகளும் இங்கேதான் பிரிந்து நிற்கிறார்கள்.

முதலில் கேலிப்பர். பேடை (டிஸ்க்கில் உரசி நிறுத்தும் தகடு) தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து வெளியே வர மறுத்தால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது, மிதித்திருக்கும் வரை வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். வெளியே வந்த பிஸ்டன் உள்ளே திரும்பாமல் மாட்டிக்கொண்டால் கதை வேறு: பிரேக்கைத் தொடாமலே வண்டி அந்தப் பக்கம் சாயும், சக்கரம் சுடும், கருகல் வாடை வரும். பல நேரம் பிஸ்டன் நன்றாகவே இருக்கும், கேலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின் கிரீஸ் காய்ந்து ஜாம் ஆகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க பேடுகளைக் கழற்றிப் பார்த்தாலே போதும். ஒற்றைப் பிஸ்டன் உள்ள சாதாரண கேலிப்பரில் உள்பக்கப் பேட் தேய்ந்து, வெளிப்பக்கப் பேட் தடிமனாகவே இருந்தால் ஸ்லைடு பின்தான் காரணம். பின்னைச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸைப் போட்டால் முடிந்தது (கையில் கிடைத்த சாதா கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதி, திரும்ப ஜாம் ஆகும்).

கேலிப்பருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் குழாயான ஹோஸ்தான் இருப்பதிலேயே தந்திரக்காரன், ஏனென்றால் வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். பழைய ரப்பர் ஹோஸின் உள்சுவர் உப்பியோ பிய்ந்து மடங்கியோ வழியை அடைத்துக்கொள்கிறது. நாம் மிதிக்கிற அழுத்தத்தில் ஆயில் எப்படியோ உள்ளே புகுந்துவிடும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. காலை எடுத்ததும் திரும்பி வர அதைத் தள்ளும் விசை போதாது. இடது ஹோஸ் இப்படிக் கெட்டால் மிதித்த உடனே வண்டி வலது பக்கம் போகும், அழுத்திப் பிடித்திருந்தால் நேராகும், காலை எடுத்த பிறகு சில நொடி இடது பக்கம் சாயும். இப்படி முன்னும் பின்னும் திசை மாறுவதைக் கேலிப்பர் கோளாறில் பெரும்பாலும் பார்க்க முடியாது. என் வண்டியில் இந்த அடையாளம் மாதக்கணக்காக இருந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி யாரோ பிடித்து வைத்தது போல நகர யோசிக்கும், எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), ஒருவரை பிரேக்கை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் சுற்ற மறுத்தால் கேலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது, அதாவது ஹோஸ். திறந்தும் விடவில்லை என்றால் கேலிப்பர் அல்லது ஸ்லைடு பின். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்தே இறுகியிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டர் (நாம் மிதிக்கும் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) பக்கம் போங்கள். சோதனை முடிந்ததும் நிப்பிளை மூடி, ஆயில் அளவைச் சரிபார்த்து, காற்று புகுந்திருந்தால் அதை வெளியேற்ற பிளீட் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

இதில் எதுவும் பிடிபடவில்லை, ஓட்டி நிறுத்தியதும் இரண்டு முன்சக்கரமும் ஒரே சூட்டில் இருக்கின்றன என்றால் பிரேக்கை விட்டுவிடலாம். பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டிருந்தால் இரண்டு பக்கப் பேடையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பை நாமே உண்டாக்கியதாகிவிடும். டயருக்கு அதிக நேரம் வேண்டாம். பிரேக் பிடிக்காமலும் இழுக்கிறது என்றால் முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் முன் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது.

மிச்சம் இருப்பது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, பார்க்கும் திசையே மாறிவிடும். மிதிக்கும்போது அடியில் டக் என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கில் ஒரு வெட்டு. முன்சக்கரம் இழுத்துச் செல்லும் வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எதிர்ப்பக்கம் போகவும் பார்க்கும். இதற்கு நேராக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்யப் போகிறவர்கள் நிறைய. அங்கே வண்டி அசையாமல் நின்றபடி அளக்கிறார்கள், கிழிந்த புஷ்ஷோ பிரேக்கின் விசை வந்தால்தான் நகரும், அளவெல்லாம் சரி என்று சீட்டு வரும், வெளியே வந்து முதல் பிரேக்கில் வண்டி மறுபடி ஓரம் போகும். லிவரைப் போட்டு ஆர்மை முன்னும் பின்னும் நெம்பச் சொல்லி, ரப்பர் வாயைப் பிளக்கிறதா என்று பக்கத்தில் குனிந்து நீங்களே பாருங்கள். பிளந்தால் புஷ்ஷை மாற்றிய பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.