மின்வடிகால் பட்டை: இளகிய களிமண்ணுக்கு வாங்கலாமா?

மின்வடிகால் பட்டை பார்வைக்குச் சாதாரண பி.வி.டி. பட்டைதான், அதாவது இளகிய மண்ணில் செங்குத்தாக இறக்கி நீரை வடிக்கும் பட்டை. வரிவரியான பிளாஸ்டிக் உள்ளீடு, அதைச் சுற்றி வடிதுணி. பிளாஸ்டிக்கில் கார்பன் கலந்து மின்சாரம் கடத்தும்படி செய்து, உள்ளே செம்புக் கம்பியோ தகடோ பதித்திருப்பார்கள். பி.வி.டி.யை உள்ளே வைத்து மண்ணுக்குள் குத்தி இறக்கும் அதே மாண்ட்ரல் (இரும்புக் குழல்) இயந்திரமே போதும். மின்சாரத்தின் எதிர்முனையாக வைக்கும் பட்டைக்குத் தனி வடிகுழாயும் வேண்டாம். அங்கே சேரும் நீர் பட்டை வழியாகவே மேலேறும். இந்த இரண்டு வசதியும் உண்மையானவை.

நேர்மின்னோட்டம் கொடுத்தால் களிமண்ணில் உள்ள நீர் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு நகரும். நீர் ஊடுருவல் திறன் நொடிக்கு 10⁻⁹ மீட்டர் மட்டுமே உள்ள களிமண்ணில் மீட்டருக்கு 40 வோல்ட் கொடுத்தால், நீர்ச்சரிவு 200 (ஒரு மீட்டர் தூரத்துக்கு 200 மீட்டர் நீர்மட்ட வேறுபாடு) வைத்ததற்கு ஈடான ஓட்டம் கிடைக்கும். தரைமேல் வெறும் மண்பாரம் ஏற்றி நீரைப் பிழியும் வழக்கமான முறையில் இதை எட்ட முடியாது.

ஆனால் இதை ஒப்பிட வேண்டியது இரும்புக் கம்பியோடு. நார்வேயில் ஆஸ் என்ற இடத்தில், 1967-இல் வெளியான ஆய்வின்படி, சாதாரண கட்டுமானக் கம்பிகளைக் கொண்டே 2000 கன மீட்டர் களிமண்ணை 120 நாளில் இறுக்கினார்கள். மண் சறுக்காமல் தாங்கும் வெட்டு வலிமை 10 கிலோபாஸ்கலுக்குக் கீழிருந்து சராசரியாக 40-க்கு உயர்ந்தது. தரை அரை மீட்டர் இறங்கியது. செலவு, கன மீட்டருக்கு 17 யூனிட் மின்சாரம். கம்பி அரித்துப்போகும்தான்: ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு கரையும். அந்தக் கணக்கைப் போட்டுக் கனமான கம்பி இறக்கினால் வேலை முடியும் வரை தாங்கும்.

பட்டையில் அந்தத் தாராளம் கிடையாது. ஒரு மி.மீ. செம்புக் கம்பி 10 மீட்டர் நீளத்துக்கு 70 கிராம்தான். ஒரு பட்டையில் 2 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள்; கார்பன் பிளாஸ்டிக் உறை கிழிந்து அது முழுதும் செம்பிலிருந்தே மண்ணுக்குள் பாய்ந்தால், அவ்வளவு செம்பும் 30 மணி நேரத்தில் கரைந்துவிடும். நடைமுறையில் முழுதும் கரைய வேண்டியதே இல்லை. கீறல் விழுந்த ஓர் இடத்தில் அற்றுப்போனால் அதற்குக் கீழே பட்டை செத்தது. மேலே நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பட்டையிலும் முனைக்கு முனை மின்தடை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிசி கிளாம்ப் மீட்டரால் தினமும் ஒவ்வொரு பட்டையின் ஆம்பியரைப் பாருங்கள். வெட்டிய முனையில் தெரியும் செம்பை எபாக்சி வைத்து மூடாமல் இறக்கவே கூடாது. கேபிள் இணைப்பு தரைக்கு மேல், உலர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த தொல்லை நேர்முனை காய்வது. நீர் விலகி மண் வெடிக்கும், அங்கே உண்டாகும் ஆக்சிஜனும் சேர்ந்து பட்டைக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்பைக் கெடுக்கும். கொடுக்கும் வோல்ட்டில் பாதி அந்த இடைவெளியிலேயே போவது அரிதல்ல. நேர்முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கம்பி குத்தி அளந்தால் இழப்பு தெரிந்துவிடும். விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பதும், சில நாளுக்கொருமுறை முனைகளை மாற்றுவதும் உதவும். முனை மாற்றினால் வலிமையும் ஓரளவு சீராகப் பரவும். ஆனால் அடிக்கடி மாற்றினால் நகர்ந்த நீர் திரும்பி வரும்.

வாங்குவதா என்பதை மண்ணில் உள்ள உப்புதான் தீர்மானிக்கும்: உப்பு கூடினால் மண்ணின் மின்தடைத்திறன் குறையும், மின்சாரம் அதிகம் ஓடும். மின்தடைத்திறன் 5 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில் மீட்டருக்கு 40 வோல்ட் கொடுத்தால் கன மீட்டருக்கு 320 வாட் போகும். உப்புக் களிமண்ணில் அது 0.5 ஓம்-மீட்டரானால் 3.2 கிலோவாட். மண் சூடாகும், நீர் அவ்வளவாக நகராது. சிங்கப்பூரின் கடற்களிமண்ணில் இப்பட்டையைச் சோதித்த ஆய்வு 2004-இல் வெளியானது, ஆகவே கடலோரத்தில் முடியவே முடியாது என்பதல்ல. வோல்ட்டைக் குறைத்து, ரெக்டிஃபையரைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். சென்னை எண்ணூர்ப் பக்கத்து மண்ணுக்கு ஆர்டர் போடுமுன் மின்தடைத்திறனை அளந்துவிடுங்கள்.

மண்பாரம் ஏற்ற இடமும் ஓராண்டு அவகாசமும் இருந்தால் சாதாரண பி.வி.டி.யே மலிவு. சரிவின் ஓரம், பாரம் ஏற்றினால் சரியும் அளவு இளகிய மண், அவசர வேலை: இங்கெல்லாம் மின்வடிகால் பட்டைக்குப் பணம் போடலாம். விற்பவரிடம் மீட்டருக்கு எத்தனை கிராம் உலோகம், உறையின் மின்தடை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அருகே இரும்புக் குடிநீர்க் குழாய் புதைந்திருந்தால் அது எங்கே ஓடுகிறது என்று குறித்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். சிதறும் மின்னோட்டம் அந்தக் குழாயையும் அரிக்கும்.