ஈரோட்டில் ஒரு வேதபாட (பைபிள்) வகுப்பு: சேரலாமா?

பெருந்துறை ரோட்டில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. சனிக்கிழமை பொழுதோட ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரை வரை போகும். எந்தச் சபையாரும் சேரலாம். என்னோடு சிஎஸ்ஐ, ஆர்சி, பெந்தெகொஸ்தே எல்லாரும் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். கட்டணம் 400 ரூபாய். நகலெடுத்த பாடப் புத்தகமும் சுக்குக் காப்பியும் அதிலேயே அடக்கம். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற போதகர், கோபிப் பக்கத்துக்காரர். “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்ற அப்போஸ்தலர் 5:29-தான் முழுப் பாடத்துக்கும் அடிப்படை. சட்டம் ஒன்று சொல்லி, ஆண்டவருடைய கட்டளை வேறொன்று சொன்னால் விசுவாசி என்ன செய்ய வேண்டும், அப்போது வாயைத் திறப்பது கடமையா என்பதுதான் விஷயம். “சேரலாமுங்களா?” என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

ரோமர் 13 எடுத்த வாரத்துக்காகவே 400 ரூபாய் கொடுக்கலாம். எங்கள் பக்கம் யாராவது அநியாயத்தை எதிர்த்துப் பேசினால், “மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்னு வேதமே சொல்லுதே” என்று உட்கார வைத்துவிடுவார்கள். போதகர் ஐயா அந்த வசனத்தை ஒதுக்கவில்லை. எழுதிய பவுல் எப்படி நடந்தார் என்று காட்டினார். பிலிப்பி நகரில் அவரை விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும், சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமருடைய பிரஜைகளை வெளியரங்கமாக அடித்தீர்களே, அதிகாரிகளே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். அப்போஸ்தலர் 16-ஐ எத்தனையோ தடவை வாசித்திருந்தும் அதை ரோமர் 13-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. சட்டம் தந்த உரிமையைக் கேட்டு வாங்குவதும் கீழ்ப்படிதல்தான் என்று ஐயா சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கீழ்ப்படிய முடியாத இடத்தில் எப்படி மறுப்பது என்பதையும் அழகாக எடுத்தார். தரியு ராஜா 30 நாள் ஜெபத்துக்குத் தடை போட்டபோது தானியேல் ஜன்னலை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணவில்லை, வழக்கம்போலத் திறந்தே வைத்திருந்தார். யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தார் அடித்தபோது அப்போஸ்தலர் திருப்பி அடிக்கவில்லை. மறுநாளும் அதே தேவாலயத்தில் அதே செய்தியைச் சொன்னார்கள். ஒளிந்து மீறுவதையும் வெளிச்சத்தில் மறுத்துவிட்டுத் தண்டனையை ஏற்பதையும் இப்படிப் பிரித்துக் காட்டியது என் மனதில் ஆழமாக நிற்கிறது.

நம் நாட்டு உதாரணங்களும் உண்டு. கேரளாவில் யெகோவா சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்று, 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. “அவங்க உபதேசம் எனக்கு உடன்பாடில்லீங்க, ஆனா அவங்க மனச்சாட்சிக்காக நான் பேசுவேன்” என்றார் ஐயா. 2002-இல் நம் மாநிலத்தில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும் விளக்கினார். மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை; மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்தால் நான்கு. பெண்ணும் தலித்தும் தாமாக யோசித்து முடிவெடுக்க மாட்டார்கள் என்று சட்டமே நினைத்ததுபோல் இருந்தது எனக்கு. 2004-இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. சபைகள் வாய் திறந்ததற்கு அதில் பங்கு உண்டு.

இனி என் குறை. பாடத்தில் வரும் உதாரணங்கள் கிட்டத்தட்ட எல்லாமே நம் ஆராதனை, நம் ஜெபம், நம் பிரசங்கம் தடுக்கப்படும்போது நாம் பேசுவது பற்றியவை. நீதிமொழிகள் 31:8 சொல்வது வேறு: “ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற.” அந்த வசனம் பாடப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை.

யாத்திராகமம் முதலாம் அதிகாரம் வந்த வாரம் இது எனக்கு நன்றாக உறைத்தது. ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும். நான் எடப்பாடிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992-இல் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாவதும் பெண் என்றால் பிரசவம் பார்த்த வீட்டுக்கு மறுநாள் போகவே நெஞ்சு படபடக்கும். கள்ளிப்பாலா, எருக்கம்பாலா என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டில், “ஊசி போட்டாச்சுல்ல, உம்பட வேலையப் பாத்துட்டுப் போ அம்மிணி” என்று பாட்டி வாசலை மறித்து நின்றார். பிள்ளையைத் தொட்டிலுக்காவது கொடுங்கள் என்று திண்ணையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகுதான் சம்மதித்தார்கள்.

அங்கே சட்டம் ஆண்டவர் பக்கம்தான் இருந்தது. கொல்லச் சொன்ன பார்வோன் மாமியாரும் ஊர் வழக்கமும் வரதட்சணைப் பயமும்தான். பின்னால் ஸ்கேன் வந்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டமும் வந்தது, வழக்கம் மட்டும் நகரவில்லை. இதை வகுப்பில் சொன்னேன். “ஐயா, நம்ம சீமையில மனுஷர் சட்டம்னா சர்க்கார் சட்டம் மட்டுமுங்களா? ஊர்க் கட்டுப்பாடும் சட்டந்தானுங்களே?” என்று கேட்டேன். ஐயா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “சொல்லுங்கம்மா, முழுசாச் சொல்லுங்க” என்றார். மீதி நேரம் முழுக்க அதுதான் பேச்சு. பாடப் புத்தகத்தை விட நடத்துகிறவர் பெரியவர் என்பதற்கு அதுவே சாட்சி.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியைப் பற்றிய பாடத்திலும் இதே கேள்வி எழுகிறது. 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்துவே, அரசு அல்ல என்று அறிக்கை விட்டவர்களைப் பற்றிப் புத்தகம் விரிவாகப் புகழ்கிறது. புகழ வேண்டியதுதான். ஆனால் அந்த ஆறு பிரகடனங்களில் யூதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான இறையியலாளர் கார்ல் பார்த் 1967-இல் அதற்காக வருந்திக் கடிதம் எழுதினார். யூதர்களுக்காக 1933-லேயே சபை பேச வேண்டும் என்ற ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் புத்தகம் விட்டிருக்கிறது. ஐயா வாய்மொழியாகச் சேர்த்துச் சொன்னார். அடுத்த பதிப்பில் அச்சில் வர வேண்டும்.

ஒரு சம்பவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம் ஒரு தம்பி எழுந்து 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையைப் பற்றிக் கேட்டார். பட்டியல் சாதி என்றால் இந்து மட்டும் என்றது அந்த ஆணை. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே. அந்த நிபந்தனையை எடுத்துவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் சொல்லியும் மாறவில்லை. இதனால் சான்றிதழில் ஒரு பேர், சபைப் பதிவேட்டில் ஒரு பேர் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனை! கிறிஸ்துவின் பேரைச் சொல்லாதே, சொன்னால் பிள்ளையின் படிப்புக்கான சலுகை போகும் என்கிற சட்டம் இது. இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறு இல்லை. ஒருங்கிணைப்பாளர், “இங்க அரசியல் வேண்டாமுங்க” என்று தம்பியை உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு ஐயா ஊரில் இல்லை. எனக்கு மனசு வலித்தது, ஒருங்கிணைப்பாளரிடம் அங்கேயே சொன்னேன். பேசுவது கடமை என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில் கேட்டவனின் வாயை அடைக்கக் கூடாது.

மற்றபடி: லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படி சிரமம். நகல் எழுத்து மங்கல், கண்ணாடி எடுத்துப் போங்கள். சுக்குக் காப்பி நன்றாக இருக்கும். பவானி, சென்னிமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகப் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். அதில் மூன்று போதகர் ஐயாவுக்கு. அடுத்த தொகுதி தை மாதம் ஆரம்பிக்கிறது. 1950 ஆணைக்கு ஒரு வாரம் ஒதுக்குவதாக ஐயா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு நானும் வருவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.