குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விற்கும் புரோபயாடிக்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி, வலித்து, சில நாள் பேதியும் ஆகி அவதிப்படுகிறவர்களைக் குறிவைத்து இணையத்தில் ஒரு புரோபயாடிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது என்று சொல்லி உயிருள்ள பாக்டீரியாவைச் சேர்த்த பொடி, விற்பனை நடக்கிறது. நான் கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அவர்கள் பெயரை மாற்றி மாற்றி விற்பதால், பெயரைவிட அவர்கள் பேசும் விதத்தைச் சொல்வதுதான் உதவும்.

ஆலோசகர் என்று ஒரு பெண் போனில் பேசினார். என் தொந்தரவுகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடல்ல நல்ல பாக்டீரியா குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். எங்க கோர்ஸை முடிச்சா கோதுமையைத் தாராளமா சாப்பிடலாம்" என்றார். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வீண் செலவுங்க. இன்னைக்கே கோதுமையை நிறுத்திட்டு பொடியை ஆரம்பிங்க" என்றார். முழு கோர்ஸுக்கும் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் ஆபத்தானது. சீலியாக் நோய் இருப்பவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். இந்த நோயைக் கண்டுபிடிக்க, டிடிஜி என்ற ஆன்டிபாடியை ரத்தத்தில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து திசு எடுப்பார்கள். இரண்டையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். முன்பே நிறுத்திவிட்டால் ஆன்டிபாடி குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். குடல் நோய் நிபுணரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "கோதுமையை நிறுத்திட்டீங்களா?" என்பதுதான்.

சீலியாக் உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் சிகிச்சை. புரோபயாடிக்கில் சேர்க்கும் லேக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகைகளில் சில, சிலருக்கு உப்புசத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் சீலியாக் உள்ளவர் மறுபடி கோதுமைக்குத் திரும்ப முடியாது.

சரி, பொடிக்கு வருகிறேன். குடிக்க ஆரம்பித்ததும் உப்புசம் முன்பைவிட அதிகமானது. அதே ஆலோசகரைக் கூப்பிட்டால், "நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறிங்க, அளவை இரட்டிப்பாக்குங்க" என்றார். டப்பாவை எடுத்துப் பார்த்தேன். 'குளூட்டன் அறவே இல்லை' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்க, நகத்தால் உரித்தேன். அடியில் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் அச்சாகியிருந்தன: சேர்மானத்தில் இன்யூலின், கோதுமையையும் கையாளும் ஆலையில் தயாரானது.

இன்யூலின் ஃப்ரக்டான் வகையைச் சேர்ந்த நார்ச்சத்து. கோதுமையிலும் ஃப்ரக்டான் இருக்கிறது. சீலியாக் இல்லாமலேயே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேரை வைத்து நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் அச்சில் வந்தது. அதில் வயிற்றுத் தொந்தரவைக் கூட்டியது ஃப்ரக்டான்தான், குளூட்டன் அல்ல. அப்படிப்பட்ட வயிற்றுக்கு இன்யூலின் கலந்த பொடியைக் கொடுத்துவிட்டு, வீங்கினால் 'நச்சு' என்று சொல்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குளூட்டன் கலப்பும் சாதாரண விஷயமில்லை. உணவில் 'குளூட்டன் இல்லை' என்று போட, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 2015-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிகம் விற்கும் 22 புரோபயாடிக்குகளைச் சோதித்தபோது 12-இல் குளூட்டன் தென்பட்டது. பலவற்றில் அளவு குறைவுதான். ஆனால் தினமும் சாப்பிடுகிற பொருளில் அது எதற்கு இருக்க வேண்டும்?

அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, டப்பாவிலேயே அச்சடித்த சேர்மானப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாக்டீரியாவின் முழுப் பெயரும் ஸ்ட்ரெயின் (அதன் உள்வகை) குறியீடும் இருக்கிறதா, உயிருள்ள எண்ணிக்கை காலாவதித் தேதி வரைக்கும் உறுதியா, தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்று கேளுங்கள். என்னிடம் வந்த டப்பாவில் 'பல கோடி' என்று மட்டும் இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சீல் உடைத்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். உடைக்காத டப்பாக்களும் இருக்கின்றனவே என்றதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனத்தையும் காணோம். உரித்த ஸ்டிக்கர், டப்பா, குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து, கார்டு வழியாகக் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்; பதில் வரவில்லை. டாக்டர் சொன்னபடி, டெஸ்ட் எடுப்பதற்காகவே இப்போது மறுபடியும் தினமும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், வலியோடு.