மயிலாப்பூர் மாடி போர்ஷன்: மாத வாடகையா, நாள் வாடகையா?

மாடவீதிகளுக்குப் பின்னால் ஒரு பழைய தனி வீடு. கீழே அம்மா மட்டும் இருக்கிறார், அல்லது அவரும் இல்லை. பிள்ளைகளில் ஒருவர் நங்கநல்லூரில், இன்னொருவர் வெளிநாட்டில். விற்க யாருக்கும் மனமில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் பேச்சு இப்போதெல்லாம் “ஏர்பிஎன்பியில் போட்டுவிடலாமே” என்பதில்தான் வந்து நிற்கிறது; அதாவது, வீட்டை நாள் வாடகைக்கு விட உதவும் இணையதளத்தில். போடலாம். அதற்கு முன் அதே மாடியை மாத வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மாத வாடகையில் ஆச்சரியம் குறைவு. குடியிருக்க விடுவதால் ஜிஎஸ்டி இல்லை. வருமான வரியில், சொத்து வரி போக மிச்சமுள்ள வாடகையில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று ரசீது காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் மட்டும் ஆட்டம் கண்டுவிட்டது. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது; ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு: வீட்டில் பங்குள்ள அண்ணன் வெளிநாட்டுவாசி என்றால், அவர் பங்கு வாடகையில் குடியிருப்பவரே 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் பின்வாங்கும் குடித்தனக்காரர்கள் உண்டு.

நாள் வாடகைக்கு வருவோம். மயிலாப்பூரில் ஆள் வருவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை: மார்கழிக் கச்சேரி, பங்குனியில் அறுபத்து மூவர், கல்யாணம், அண்ணா சாலையில் அமெரிக்க விசா நேர்காணல், ஆஸ்பத்திரி. ஆனால் மார்கழியை வைத்து மற்ற மாதங்களையும் கணக்குப் போடுவதுதான் வழக்கமான கோளாறு. ஆடி மாத நிலவரத்துக்கு ஓர் உத்தேசக் கணக்கு: இரவுக்கு 3,500 ரூபாய், மாதத்தில் 15 இரவு, ஆக 52,500. இணையதளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 7,875 போகும். இரண்டிரண்டு இரவாகத் தங்கினால் ஏழெட்டு முறை ஆள் மாறும். ஒவ்வொரு முறையும் சுத்தம், விரிப்புச் சலவை என்று 700 வைத்தால் ஐயாயிரத்துச் சொச்சம். ஏசி ஓடும் கரண்ட் பில், இணையம், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்து 6,000. மிஞ்சுவது 33,000 சொச்சம். அதே மாடிக்கு மாத வாடகையாக 35,000 வருமென்றால், இவ்வளவு ஓட்டமும் நஷ்டத்துக்குத்தான்.

இந்தக் கணக்கில் ஆள் சம்பளத்தைச் சேர்க்கவே இல்லை. இரவு பதினொன்றரைக்கு ரயில் தாமதமாகி வருகிறவருக்குக் கதவு திறப்பது யார்? கெய்சர் வேலை செய்யவில்லை என்றால் யாருக்குப் போன்? நங்கநல்லூர் தங்கைக்குத்தான். அவள் உழைப்புக்கு விலை போடாமல் லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்த குடும்பங்களில் அடுத்த தீபாவளிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

சட்டப் பக்கமும் இங்கே கனமானது. விருந்தினர் வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் தெரிவித்தாக வேண்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். உங்கள் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாமல், நீங்கள் ஜிஎஸ்டி பதிவும் செய்யாமல் இருந்தால், இணையதளமே அதைக் கட்டிவிடும். வருமானம் பெரும்பாலும் தொழில் வருமானமாகிவிடுவதால் அந்த 30 சதவீதக் கழிவு போய்விடும்; செலவுகளை ரசீதோடு காட்ட வேண்டியதுதான். தனி வீடு இல்லாமல் அடுக்கக ஃபிளாட்டாக இருந்தால் முதலில் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள். பல இடங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: குடும்பத்தில் ஒருவர் கீழே இருந்துகொண்டு மாடியை மட்டும் ஹோம்ஸ்டேயாக நடத்துவது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமும் இதைத்தான் கேட்கிறது: ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். கதவு திறக்க ஆள் இருக்கிறது. காலையில் இட்லியும் ஃபில்டர் காபியும் தந்தால் கூடுதலாகவே கேட்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: கீழே இருப்பவருக்கு அதில் விருப்பம் இருக்க வேண்டும். எழுபது வயது அம்மாவை வரவேற்பாளராக நியமித்துவிட்டு மகன் டல்லாஸிலிருந்து புக்கிங் பார்ப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

யாருமே அங்கே இல்லையா? அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், மாத வாடகை.

எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக வரும் நிறுவனங்களும் உண்டு. வரவில் பங்கு தருகிறோம் என்பவர்களைவிட, குறைந்தபட்சத் தொகை ஒன்றை மாதாமாதம் உறுதியாகத் தருபவர்கள் மேல். கையெழுத்துக்கு முன், இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கான பக்கம் (லிஸ்டிங்) யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் பெயரில் என்றால், ஒப்பந்தம் முடிகிற நாளில் சேர்த்த ரெவ்யூ அத்தனையும் அவர்களோடு போய்விடும்.