பிஎம் சூர்யா கர் மாடி சோலார்: எந்த வீட்டுக்கு லாபம், எங்கே சிக்கல்

மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் திட்டம் பிஎம் சூர்யா கர். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். 300 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு என்றால் இப்போதைக்கு அவசரம் இல்லை. மானியத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மானியம் எல்லோருக்கும் ஒன்றுதான். மிச்சமாகும் பணம் ஒன்று அல்ல.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு, 2024 ஜூலையில் வந்த வீதப்படி சுமார் 5,800 ரூபாய் பில் வரும். அங்கே 3 கிலோவாட் போட்டால் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். பகலில் மின்வாரியத்துக்குப் போவதையும் மற்ற நேரத்தில் அங்கிருந்து எடுப்பதையும் கழித்தால் கணக்கில் மிஞ்சுவது 200 யூனிட்டுக்குள். அதில் முதல் 100 இலவசம். பில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மின்வாரியக் கம்பிகளைப் பயன்படுத்துவதற்காக ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கும் நெட்வொர்க் கட்டணம் இதில் சேரவில்லை. 501-ஆவது யூனிட்டிலிருந்து வீதம் செங்குத்தாக ஏறுகிறது. சோலார் வெட்டி எடுப்பது அந்த விலை உயர்ந்த மேல் யூனிட்டுகளைத்தான். 300 யூனிட் வீட்டின் பில்லோ 700 ரூபாயைச் சுற்றியே நிற்கும். முழுவதும் மிச்சமானாலும் ஆண்டுக்கு 4,200 ரூபாய்தான். போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

மானியம் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் முதல் 2 கிலோவாட்டுக்கு. மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதிகபட்சம் 78,000. 5 கிலோவாட் போட்டாலும் 10 போட்டாலும் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. பேனல்களின் மொத்தத் திறன், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம் கணக்கிடப்படுகிறது. 550 வாட் பேனல் ஐந்து மட்டும் போட்டால் 2.75 கிலோவாட், கிடைப்பது 73,500. ஆறாவது பேனலைச் சேர்த்து 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தால் முழு 78,000 வரும். மாடியில் இடம் இருந்தால் ஐந்தோடு நிறுத்துவதில் அர்த்தமில்லை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 29-இல் மத்திய அமைச்சரவை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி இத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்தது. அதோடு ஒரு நிபந்தனை: பேனல் மட்டுமல்ல, அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். இதைத்தான் கடைக்காரர்கள் டிசிஆர் (உள்நாட்டுத் தயாரிப்பு நிபந்தனை) பேனல் என்கிறார்கள். இறக்குமதி செல்லை வைத்து இங்கே கோத்த பேனல் டிசிஆர் ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. விலையில் மட்டும் டிசிஆர் கணிசமாகக் கூடுதல். முறைகேடு நுழைவதும் இந்த இடைவெளியில்தான்.

இந்த நிபந்தனை தேவையானது என்பதே எங்கள் கருத்து. நிலக்கரியையும் எண்ணெயையும் போல வெயிலை யாரும் கப்பலில் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் வெயிலை மின்சாரமாக்கும் செல் முழுவதும் வெளியிலிருந்து வந்தால் பழைய சார்பு வேறு உருவில் தொடரும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் 4.3 கிகாவாட் திறனில் செல்லும் பேனலும் செய்யும் ஆலை நடத்துகிறது என்றால், இப்படிப்பட்ட உறுதியான உள்நாட்டுத் தேவையும் அதற்கு ஒரு தாங்கு. குறையும் உண்டு. செல்லுக்கு முந்தைய கட்டமான வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தகடு இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது; டிசிஆர் விதி அதைத் தொடவில்லை. இன்னொன்று, 5 கிலோவாட் போடுபவர் எல்லாப் பேனலையும் டிசிஆராக வாங்க வேண்டும், மானியமோ 3 கிலோவாட்டுக்கு மட்டும். கூடுதல் விலை மானியத்தில் எவ்வளவைத் தின்கிறது என்பதை இரண்டு விலைப்பட்டியல் வாங்கி ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

விலைப்பட்டியலில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருள் 70, வேலை 30 என்று பிரித்துக் கணக்கிடும் முழு ஒப்பந்தத்தில் இது மொத்தத்தில் 8.9 சதவீதம் வரும். பழைய 13.8 சதவீதத்தையே போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

இனி விண்ணப்பம். திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வது பத்து நிமிட வேலை. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம் என்று 2024-இல் விதியைத் திருத்திவிட்டதால் முன்பு வாரக்கணக்கில் தேங்கிய கட்டம் போய்விட்டது. பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தம், பொருத்துதல், வருவதையும் போவதையும் அளக்கும் நெட் மீட்டர், மின்வாரிய ஆய்வு, இயக்கச் சான்று, வங்கி விவரம், மானியம் என்று வரிசை. தளத்தின் இந்த அமைப்புக்கு நல்ல மதிப்பெண் தரலாம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது.

விண்ணப்பம் முட்டி நிற்பது பெயரில். மின் இணைப்பு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பதாரர். மானியம் போவதும் அவர் கணக்குக்கு. நம் ஊரில் மின் இணைப்பு மறைந்த தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். மின் அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கியில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் கடைசிக் கட்டத்தில் மானியம் நின்றுவிடும். பொருத்தி முடித்த பிறகு பெயர் மாற்ற அலைவதைவிட, முன்பணம் கொடுக்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். இதற்கு ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

பேனல் வந்து இறங்கும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு பேனலின் பின்புறமும் இருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். மேலே ஏற்றிச் சட்டத்தில் பூட்டிவிட்டால் அந்த ஒட்டுத்தாளைப் படிப்பது சிரமம். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் டிசிஆர் சரிபார்ப்புத் தளத்தில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள்.

பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இதில்தான். சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். காற்றழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் சென்னையில் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல். மதுரையில் தாங்கிய அதே ஜிஐ பைப்பும் அதே எண்ணிக்கைக் கால்களும் சென்னைக்குப் போதாது. துணி காயப்போட வசதியாக 7, 8 அடி உயர்த்திக் கட்டச் சொல்வது இங்கே வழக்கம். உயரம் கூடக் கூடக் காலின் அடியில் வரும் இழுவையும் கூடும். குறுக்குத் தாங்கிகள் இல்லாத உயர்ந்த சட்டத்தை ஏற்காதீர்கள். முழு வெல்டிங்குக்குப் பிறகு சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த 80 மைக்ரான் பூச்சு இருக்க வேண்டும். மாடியிலேயே வெல்டிங் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்த மூட்டு கடலோரத்தில் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். மொட்டை மாடியின் வெதரிங் ஓட்டில் மட்டும் போல்ட் இறக்கினால் பிடி கிடையாது, கசிவும் வரும். கான்கிரீட் வரை போய், பசையால் இறுகும் கெமிக்கல் ஆங்கர் போல்ட் போட வேண்டும், இல்லையேல் தனிக் கான்கிரீட் பீடம்.

தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைநீர் கீழ் விளிம்பில் தேங்கிச் சேற்றுக்கோடு படியும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை எட்டு மணிக்கு விழுந்தால் நட்டம் சிறிது. பத்து மணிக்குப் பிறகும் விழுந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பொருத்திய பிறகு வரும் புகார்களில் புரியாமல் போவது ஒன்று உண்டு: உச்சிவெயிலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுவது. வீட்டு மின்சாரம் வெளியே போகும்போது கம்பியில் மின்னழுத்தம் ஏறுகிறது. வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில் இருக்கும் வீடுகளில் இது அதிகம். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் முழு உற்பத்தியில் ஏறக்குறைய 3.5 வோல்ட் கூடுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஒன்றரை வோல்ட்தான். இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லும் முன் கம்பியின் தடிமனைப் பாருங்கள். அதன் பிறகும் பகல் 12 மணிக்கு மீட்டர் முனையிலேயே மின்னழுத்தம் அதிகமாக இருந்தால், அளவைக் குறித்துப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்த அளவை மாற்றும் டேப்பைக் குறைக்கக் கேட்க வேண்டும்.

மின்தடையின்போது சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, பழுது அல்ல. மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. பேட்டரிக்கு இத்திட்டத்தில் மானியம் இல்லை.

பேனல் பக்கம், மின்வாரியப் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் கட்டியிருந்தால் வேலை முடியவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுக்கலாம். பேனல்களைக் கோக்கும் எம்சி4 இணைப்பான்கள் ஆணும் பெண்ணும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும். வெவ்வேறு வகையைக் கலந்தால் இறுக்கம் பிசகி, சூடேறி உருகும்.

ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் கடமை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதற்குத் தனிப்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கழுவுவது அந்தக் கடமையில் வருமா என்பதை எழுதி வாங்குங்கள். நாமே கழுவினால் விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன். உப்பான போர் தண்ணீர் வெள்ளைப் படலத்தை விட்டுவிடும். சேமித்த மழைநீரோ உப்பில்லாத லாரித் தண்ணீரோ போதும், ஆறு பேனலுக்கு நான்கு வாளி.