29 டாலர் ‘அனலாக் இதம்’: மூன்று வருடம் பயன்படுத்தியபின்

பழைய மின்னணுப் பெட்டிகளின் இதமான ஒலியைத் தருவதாகச் சொல்லும் ஒரு பிளக்இன், அதாவது மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்குள் செருகும் குட்டி நிரல். 2022 நவம்பர் தள்ளுபடியில் வாங்கியது. 199 டாலர் என்று எழுதி, அதை அடித்துவிட்டு 29 என்று போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் நொடி நொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அதே கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடியதைப் பார்த்தேன். அதற்குள் ஏறக்குறைய 2,400 ரூபாய் போயாயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம்.

பழைய ஆப்டிகல் கம்ப்ரசரைப் போல, அதாவது ஓங்கும் சத்தத்தை ஒளியைக் கொண்டு அமுக்கிச் சமப்படுத்தும் கருவியைப் போல வேலை செய்யும் பிளக்இன் இது. 1960களில் டெலிட்ரானிக்ஸ் கொண்டுவந்த எல்ஏ-2ஏ பெட்டிதான் இந்த வகைக்கு மூதாதை. அதற்குள் ஒளிரும் தகடு ஒன்றும், அந்த ஒளி பட்டால் மின்தடை மாறும் செல் ஒன்றும் இருக்கும். குரல் ஓங்கினால் தகடு ஒளிரும், சத்தம் அடங்கும். “அசலுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது” என்பது விளம்பரம். கூடவே, எந்த ஒலிக்கு என்ன செட்டிங் என்று சொல்ல ஒரு ஏஐ பட்டன்.

முதல் சில மாதம் எனக்கு அது தெய்வம். வீட்டு அறையில் நான் மிக்ஸ் செய்யும் பக்திப் பாடல், குறும்பட டப்பிங் என்று எதில் செருகினாலும் குரல் ஓரடி முன்னால் வந்து நின்றது. நண்பர்களிடமும் சொல்லி இரண்டு பேரை வாங்க வைத்தேன். அந்தப் பாவம் தனி.

நாலு மாதம் கழித்து ஒரு நாள், அமுக்கும் குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போதே எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில், சத்தம் அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றுமே செய்யாத பிளக்இன் எப்படி ஏற்றுகிறது? அளந்து பார்த்தேன். செருகிய மாத்திரத்தில் 1.3 டெசிபல் கூட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது ‘சத்தம்’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘தெளிவு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் ஏற ஏற பாஸும் ட்ரெபிளும் காதுக்கு எடுப்பாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து வைத்திருக்கிறார்கள். பிளக்இன் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

சரி, பார்த்துவிடலாம் என்று தங்கை மகனைக் கூப்பிட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, அவன் பிளக்இன்னை ஆன், ஆஃப் செய்தான். 16 முறையில் 15 சரியாகச் சொன்னேன். பெருமையாகத் திரும்பினால், “மாமா, இப்ப ரெண்டு சத்தத்தையும் சமமா வெச்சுட்டு ஆடலாமா?” என்றான். அடுத்த சுற்றில் 16க்கு 9. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

அதோடு விடவில்லை. ஒரே டிராக்கை இரண்டாக்கி, ஒன்றில் மட்டும் பிளக்இன் போட்டு, சத்தத்தைச் சமமாக்கி, மற்றதன் அலையைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிசப்தம் வரவேண்டும். மிஞ்சியதை நன்றாக ஏற்றிக் கேட்டால் கொஞ்சம் இரைச்சல், அப்புறம் ஒரு ‘உம்ம்’. அனலைசரில் அது 60 ஹெர்ட்ஸ். பழைய பெட்டியின் கரண்ட் உம்மையும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. வீட்டு ஒயரிங்கில் வரும் உம்மைத் துரத்தப் பல ராத்திரி கண் விழித்தவன் நான். இங்கே அமெரிக்காவின் உம்மைக் காசு கொடுத்து இறக்குமதி செய்திருக்கிறேன். மெனுவின் அடியில் அதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. வாங்கும்போது ஆனில்தான் இருக்கும்.

ஆப்டிகல் செல்லின் தனிக்குணம் அதன் ஞாபகம். நெடுநேரம் ஒளி பட்டிருந்தால், அமுக்கிய பிடியை விடவும் நெடுநேரம் எடுக்கும். அரை விநாடி சத்தம், பத்து விநாடி சத்தம் என்று கொடுத்துப் பார்த்தேன். பிளக்இன் இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் பிடியை விட்டது. ஏஐ பட்டனைப் பற்றி ஒரு வரி போதும்: பெண் குரலுக்குச் சொன்ன அதே செட்டிங்கைத் தவிலுக்கும் சொன்னது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு இன்றுவரை இதைத்தான் போடுகிறேன். 100 ஹெர்ட்ஸ் பக்கம் விழும் அடி போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் சிதைக்கும் டிரைவ் குமிழைத் திருப்பினால் அதன் மேல் 200, 300 என்று மடங்குகள் முளைக்கும். அவற்றைக் கேட்டு மூளை கீழே உள்ளதை ஊகித்துக்கொள்ளும். இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜால்ராவுக்கு மட்டும் போடவே மாட்டேன். அங்கே அதே மடங்குகள்தான் வினை. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதாவது விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைக்கும் பதிவில், அதில் பாதியான 22.05க்கு மேல் இடம் கிடையாது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஐந்தாம் மடங்கு 50. அது அங்கே நிற்க முடியாமல் மடங்கி, 50லிருந்து 44.1 போக மிஞ்சும் 5.9ல் வந்து உட்காரும். சுருதியோடு சேராத ஒரு கரகரப்பு. இரண்டு வருடம் ஜால்ரா வாசித்தவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டதாக மெயில். “பழைய கரகரப்பு இனி இல்லை” என்கிறார்கள். வித்தியாசமே தெரியாது என்றார்களே, அந்தப் பதிப்பின் கரகரப்புதான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 19 டாலராம். கடிகாரமும் ஓடுகிறது. 14 நாள் சோதனைக்கு இறக்கிச் செருகிவிட்டு, காதைத் தீட்டும் முன் மீட்டரைப் பார்த்தேன்: 0.9 டெசிபல் கூடுதல். உம் ஸ்விட்ச் இந்த முறையும் ஆனில்தான் இருந்தது.